ஆசிரியர் போய்விட்டார், அவருடைய பக்கத்துக்கு யார் பொறுப்பு? வலைப்பூத் தளம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் தமிழ் கற்பிக்கிறவர்கள் எழுதுவதற்கென்று 2006-ல் தொடங்கிய ஒரு வலைப்பூத் தளம். 2022 கடைசியில் அதைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்ற வேண்டி வந்தது. ஆண்டிறுதி விடுமுறைக்குள் முடிப்பதாகத் திட்டம். வேலை ஓய்ந்தபோது அடுத்த ஜூன் விடுமுறையே வந்துவிட்டது. தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நாலு பேரில் நானும் ஒருவன். இதை விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. இதே மாதிரி தளம் வைத்திருக்கிற தமிழாசிரியர் குழுக்கள் இங்கேயும் மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன, அவர்களுக்கும் ஒருநாள் இந்த வேலை வந்து நிற்கும். மென்பொருள் சிக்கல்கள் இருந்தன, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் இழுத்ததற்குக் காரணம், எந்தப் பக்கம் யாருடையது, அதை வைப்பதா எடுப்பதா என்று சொல்ல யாருக்கு உரிமை என்பது தளத்தில் எங்கேயுமே பதிவாகாமல் இருந்ததுதான்.

தளத்தின் பெயரையும் அதில் எழுதியவர்களின் பெயர்களையும் இங்கே சொல்லவில்லை.

தளம் எப்படி வளர்ந்தது

எங்கள் தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூ மென்பொருளில். அது 2003 மே மாதம் வெளிவந்தது. 2005-ல் ஆஸ்திரேலியாவில் எடுபிளாக்ஸ் என்ற ஆசிரியர் வலைப்பூச் சேவை தொடங்கியது. ஒரே மென்பொருளை நிறுவி அதற்குள் ஆசிரியருக்கு ஒரு வலைப்பூ என்று திறந்துகொடுக்கலாம் என்பதை அது பெரிய அளவில் செய்து காட்டியது. அதற்கு வேர்ட்பிரஸ் எம்யூ என்ற தனிப் பதிப்பு தேவைப்பட்டது. எங்கள் தளத்தை ஆரம்பித்தவர்களுக்கு அப்போது எம்யூ பழக்கமில்லை என்பதால் முதலில் வந்த ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு தனி நிறுவல் போட்டுக் கொடுத்தார்கள். 2010 ஜூனில் வேர்ட்பிரஸ் 3.0 வந்து, எம்யூ மூல மென்பொருளோடு சேர்ந்து மல்டிசைட் (ஒரே நிறுவலுக்குள் பல வலைப்பூ) ஆனபோது, புதிதாக வந்த எல்லாரும் அதற்குள் போனார்கள். பழையவர்கள் பழைய இடத்திலேயே இருந்தார்கள். ஆக, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தளம், உள்ளே இரண்டு தலைமுறை.

எழுதப்பட்டவை எல்லாம் நல்ல சரக்கு. கருத்தறிதல் பகுதிக்குக் கேள்வி எப்படி அமைப்பது, வாய்மொழித் தேர்வில் படத்தைப் பார்த்துப் பேசத் தயங்கும் பிள்ளையை எப்படிப் பேச வைப்பது, வீட்டில் தமிழே புழங்காத தொடக்கநிலை ஒன்று மாணவனிடம் முதல் வாரம் எதிலிருந்து ஆரம்பிப்பது, ஏப்ரலில் தமிழ்மொழி மாதத்துக்கு என்ன நிகழ்ச்சி செய்தோம், எது எடுபட்டது, எது எடுபடவில்லை. 2018-ல் கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளம் பள்ளிகளுக்கு வந்த பிறகு, பிள்ளைகளுக்கான பாடங்கள் அங்கே போய்விட்டன. அது சரியான இடமும்கூட. இங்கே மிஞ்சியது ஆசிரியர் ஆசிரியரோடு பேசுவது. 2020 ஏப்ரல் 8-ம் தேதி எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது, அப்படிப்பட்ட பேச்சுக்கு எவ்வளவு தேவை இருந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்த வலைப்பூக்களில் சில அந்த மாதம்தான் கண் விழித்தன.

வேர்ட்பிரஸ் ஓடத் தேவையான பிஎச்பி என்ற நிரல்மொழியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பர் 28-ம் தேதியோடு முடிந்தது. நாங்கள் இடம் வாடகைக்கு எடுத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம், பழைய பதிப்பு ஓடும் சர்வரை நிறுத்தப்போவதாக அறிவிப்பு அனுப்பியது. அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்தது, பணியிலிருந்து எப்போதோ விலகிவிட்ட ஓர் ஆசிரியரின் முகவரிக்கு. அவர் அதைப் பார்த்து வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்பியபோது கெடு நெருங்கிவிட்டது. பொறுப்பு என்ற விஷயம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

எழுத்து குப்பையான கதை

முதல் சோதனை நகலைத் திறந்தோம். மல்டிசைட்டில் இருந்தவை நன்றாக வந்தன. 2006-ல் தனியாக நிறுவியவை குப்பையாக வந்தன. ஒவ்வொரு தமிழ் எழுத்தின் இடத்திலும் தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஒரு சின்ன லத்தீன் ‘ஏ’, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ அல்லது ஒரு மேற்கோடு, அப்புறம் ஏதோ ஒரு குறி. இந்த வரிசையைப் பார்த்தாலே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லா மொழி எழுத்தையும் கணினியில் சேமிக்கப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்றேதான், இரண்டாவது பைட் இரண்டே வகை. அந்த மூன்றையும் சர்வர் மூன்று தனித்தனி லத்தீன் எழுத்துகளாகப் படித்தால் திரையில் இதுதான் வரும்.

காரணம் பழசு. 2007 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 2.2-க்கு முன்னால், தரவுத்தளம் எந்த எழுத்துமுறையில் பேச வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் குறிப்பிட வழியில்லை. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் தன் வழக்கப்படி அட்டவணைகளை லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறை) என்று உருவாக்கிவிடும். வேர்ட்பிரஸ் அதற்குள் தமிழ் பைட்டுகளைப் போடும், அப்படியே திருப்பி எடுக்கும். போடும்போதும் எடுக்கும்போதும் ஒரே தவறு என்பதால் வாசகருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பதினாறு ஆண்டு அப்படியே ஓடியது. பிறகு அந்தத் தரவைப் புதிய சர்வருக்காக யுடிஎஃப்-8 என்று இறக்குமதி செய்யும்போது, மைஎஸ்க்யூஎல் நல்லெண்ணத்தோடு ‘லத்தீனை’ யுடிஎஃப்-8 ஆக மாற்றிக் கொடுக்கிறது, எழுத்து இரண்டு முறை குறியாக்கம் ஆகிவிடுகிறது. இறக்கிய கோப்பின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

தீர்வு கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பழைய அட்டவணையில் எழுத்து இருக்கும் ஒவ்வொரு நெடுவரிசையையும் முதலில் பைனரி (வெறும் பைட்) வகைக்கு மாற்றவேண்டும். அப்படிச் செய்தால் மைஎஸ்க்யூஎல் அதை எழுத்து என்று நினைக்காது, தொடாது. அப்புறம் அதையே யுடிஎஃப்8எம்பி4 என்று அறிவித்தால் உள்ளே இருந்த தமிழ் தமிழாகவே நிற்கும். எம்பி4 ஏன் என்றால், மைஎஸ்க்யூஎல்லில் வெறும் ‘யுடிஎஃப்8’ என்பது மூன்று பைட் வரைதான் கொள்ளும். தமிழுக்கு அது போதும், எமோஜிக்குப் போதாது. வேர்ட்பிரஸ் 2015 ஏப்ரலில் 4.2 பதிப்பில்தான் எம்பி4-க்கு மாறியது. அதற்கு முந்திய பதிவுகள் சிலவற்றில் ஒரு சிரிப்பு முகம் வந்த இடத்தோடு எழுத்து அறுந்து கிடந்தது. அறுந்து போனதைத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் இல்லை. எழுதியவரிடம் மூலக்கோப்பு இருந்தால் உண்டு.

இன்னொரு சிக்கல் தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வருவது, ஆனால் பலரும் கவனிப்பதில்லை. பதிவின் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாக முகவரி உண்டாக்கும்போது அதற்கு 200 இடம்தான் ஒதுக்குகிறது. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் விழுக்காட்டுக் குறி போட்டு ஒன்பது இடமாக விரிகிறது, அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனிக் குறியீடு. கணக்குப் போட்டால் 22 குறியீட்டுக்குத்தான் இடம். ‘உயர்நிலை ஒன்று மாணவர்களுக்கான’ என்று தொடங்கும் எந்தத் தலைப்பும் ‘உயர்நிலை-ஒன்று-மாணவர்களு’ என்று நின்றுவிடும். அதே தொடக்கத்தில் இன்னொரு பதிவு வந்தால் கடைசியில் 2, அதற்கடுத்தது 3. ஒரே வகுப்புக்குத் தொடர்ந்து எழுதிய ஆசிரியரின் பதிவுகள் எல்லாம் எண் மட்டும் மாறிய ஒரே முகவரியில் இருந்தன, எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இடமாற்றத்தில் அந்த எண்கள் வரிசை மாறிவிட்டால் மற்ற பள்ளிகள் தங்கள் பக்கங்களில் கொடுத்திருக்கும் இணைப்புகள் தப்பான பதிவுக்குப் போகும். அதனால் பழைய முகவரிகளை ஒன்றுகூட மாற்றவில்லை. புதிய பதிவுகளுக்கு மட்டும் முகவரியைக் கையால் சுருக்கி எழுதச் சொல்லியிருக்கிறோம்.

பழைய எழுத்துருக் கோப்புகளைப் பற்றியும் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் தமிழ் இணையம் சீக்கிரமே தொடங்கியது. இங்குள்ள எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியன் எழுத்துருவை உருவாக்கி, 1995-லேயே தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றியவர். 1997-ல் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடும் இங்கேதான் நடந்தது. அந்த முன்னோடி வேலையின் இன்னொரு பக்கம், யுனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சான பயிற்சித்தாள்கள் நம் ஆசிரியர்களிடம் நிறைய இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் எந்த எழுத்துரு என்று சரியாகச் சொன்னால்தான் அவை வேலை செய்யும், மாற்றிய பிறகும் ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும். இந்த வேலையை ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கோப்புகள் இன்றைக்கும் படிக்க முடியாமலேயே கிடந்திருக்கும்.

யாருடைய பக்கம்?

தொழில்நுட்பம் ஒரு வழிக்கு வந்தபிறகு பட்டியல் எடுத்தோம். இயங்கும் வலைப்பூ எது, எழுதியவர் எங்கே இருக்கிறார், எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தார். எடுத்ததும் தெரிந்தது: பெரும்பாலானவர்கள் அலுவலக மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார்கள். வேலையை விட்டாலோ ஓய்வுபெற்றாலோ அந்த முகவரி மூடப்படும். கடவுச்சொல்லை மீட்க அனுப்பும் மடல் அங்கேதான் போகும். அதாவது அந்த ஆசிரியரால் தன் சொந்த எழுத்துக்குள் நுழைய முடியாது, நாங்கள் அவரைத் தேடிப் பிடிக்கவும் முடியாது. எந்த ஆசிரியர் தளத்துக்கும் இதுதான் முதல் ஓட்டை என்று நான் நினைக்கிறேன். ஆசிரியர்கள் ஒரே இடத்தில் நிற்பவர்கள் இல்லை. பள்ளி மாறுவார்கள், அமைச்சுக்குப் போவார்கள், பாடநூல் குழுவுக்குப் போவார்கள், குழந்தை பெற்று சில காலம் விலகியிருப்பார்கள். அவர்கள் நிரந்தரமாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் தளத்தை அமைத்தால் சில ஆண்டில் அது ஆளில்லாத வீடாகிவிடும்.

தேடுவதற்கு எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. இங்கே தமிழாசிரியர் வட்டம் சிறியது. உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் பயிலரங்கு நடந்தால் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம், மீதிப் பேரை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய வாட்ஸ்அப் குழுக்கள், தேக்காவில் காய்கறி வாங்கும்போது எதிர்ப்பட்டவர்கள், கல்யாண வீடு, எல்லா இடத்திலும் விசாரித்தோம். ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்தபோது, “சார், உங்க பக்கத்தை என்ன செய்யட்டும்?” என்று கேட்டேன்.

“தம்பி, அதை எடுத்துடாதீங்க. எழுத்து அப்படியே இருக்கட்டும். ஆனா அந்தப் பிள்ளைங்க படம் வேண்டாம். அவங்கெல்லாம் இப்ப வளர்ந்து வேலைக்குப் போயிட்டாங்க, அவங்ககிட்ட யார் கேட்டா?”

அவர் சொன்ன பிறகுதான் எல்லா வலைப்பூவிலும் படங்களைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தோம். இந்த ஆய்வில் அதிக நேரம் தின்றதும் அதிகம் கற்றுக்கொடுத்ததும் அந்தப் படங்கள்தான்.

பிள்ளைகளின் படங்கள்

2006-ல் வகுப்பறைப் படம் போடுவது பெருமையாக இருந்தது. பேச்சுப் போட்டியில் வென்ற மாணவி, பெயர், வகுப்பு, பள்ளி, எல்லாம் படத்தின் கீழேயே. அந்தக் காலத்துப் பழக்கம் அது, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-ல் நிறைவேறி, அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அரசாங்க அமைப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. இதைக் கேட்டு, பள்ளி சம்பந்தப்பட்டது என்பதால் நமக்கும் பொருந்தாது என்று ஆசிரியர்கள் சிலர் நினைக்கிறார்கள். தொண்டூழியர்கள் சேர்ந்து நடத்தும் தளம் அரசாங்க அமைப்பு ஆகாது. பதிவு செய்யாத குழுவாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஓர் ‘அமைப்பு’தான். ஒப்புதல் வாங்கவேண்டும், எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்தவேண்டும், நோக்கம் முடிந்தால் வைத்திருக்கக்கூடாது, தரவுப் பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக நியமிக்கவேண்டும். 2021 பிப்ரவரி முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தரவு கசிந்தாலோ ஒருவருக்காவது பெரிய தீங்கு வரக்கூடும் என்றாலோ, அதைக் கணித்தறிந்த மூன்று நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாகவேண்டும். 2024 மார்ச்சில் ஆணையம் சிறார் தரவுக்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும்.

சரி, படத்தை எடுத்துவிடலாம் என்றால், வேர்ட்பிரஸ்ஸில் அது நினைப்பதுபோல் நடக்காது. பதிவை அழித்தாலும் அதற்காக ஏற்றிய படம் அழியாது, ஊடகக் கிடங்கில் அப்படியே இருக்கும், நேரடி முகவரி தெரிந்தவர் திறக்கலாம், தேடுபொறியும் திறக்கும். ஒரு படத்துக்கு ஒரு கோப்பும் இல்லை; சின்னது, நடுத்தரம், பெரியது என்று பல அளவில் நகல்கள். 2019 நவம்பரில் வந்த 5.3 முதல் மிகப் பெரிய படங்களை 2560 புள்ளிக்குச் சுருக்கித்தான் காட்டுகிறது, ஆனால் மூலப்படத்தையும் சர்வரிலேயே வைத்துக்கொள்கிறது. கைப்பேசியில் எடுத்த மூலப்படத்துக்குள் எந்த இடத்தில் எடுத்தது என்ற ஆயத்தொலைவும் இருக்கக்கூடும். ஒரு பள்ளிச் சுற்றுலாப் படம் என்றால் போகட்டும், ஆசிரியர் தன் வீட்டு மேசையில் வைத்து எடுத்த கையெழுத்துப் பயிற்சிப் படம் அவர் வீட்டு இடத்தையே சொல்லிவிடும்.

இன்னும் ஒன்று, மல்டிசைட் நடத்துகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு வலைப்பூவை ‘காப்பகம்’ என்று குறித்தால் அதன் பக்கங்கள் மறைந்துவிடும், ஆனால் படங்களும் பிடிஎஃப் கோப்புகளும் மறையாது. 3.5 பதிப்புக்கு முந்திய மல்டிசைட்டில் ஒவ்வொரு கோப்பும் வேர்ட்பிரஸ் வழியாகப் போனதால் அதுவும் தடுக்கப்பட்டது. 2012 டிசம்பரில் வந்த 3.5 முதல் புதிய நிறுவல்களில் சர்வரே கோப்பை நேரடியாகக் கொடுக்கிறது. மூடியாகிவிட்டது என்று ஓர் ஆசிரியரிடம் உறுதி சொல்வதற்கு முன்னால் அவருடைய பழைய படம் ஒன்றின் நேரடி முகவரியைத் தட்டிப் பாருங்கள்.

நாங்கள் செய்தது இது: முகம் தெரியும் மாணவர் படங்கள் எல்லாவற்றையும், ஒப்புதல் கையில் இருந்தாலொழிய, எல்லா அளவு நகலோடும் சேர்த்து சர்வரிலிருந்தே எடுத்தோம். முகம் தெரியாத வேலைப்பாடுகள், வரைபடங்கள், கரும்பலகைப் படங்கள் நின்றன, அவற்றுக்குள் இருந்த இட விவரம் துடைக்கப்பட்டது. பெயர்களை ஆசிரியர்கள் தாங்களே திருத்தினார்கள். ஆசிரியர் கிடைக்காத இடத்தில் நாங்கள் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, எடுத்தோம் என்று அந்தப் பதிவின் கீழே ஒரு வரி எழுதினோம். சிலருக்கு வருத்தம். பேச்சுப் போட்டிப் படங்கள் இல்லாத தமிழ்மொழி மாதப் பதிவு உயிரில்லாமல் இருக்கிறது என்று ஓர் ஆசிரியை சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். இருந்தாலும் அந்த முடிவில் எனக்கு மறுயோசனை இல்லை.

பயிற்சித்தாள் யாருக்குச் சொந்தம்

இதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது அறை சூடாகிவிட்டது. 2021 நவம்பர் 21-ம் தேதி நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேலையின் பகுதியாக உருவாக்கிய படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வேலை கொடுத்தவருக்குச் சொந்தம். ஆசிரியர் இரவு முழுக்க உட்கார்ந்து வகுப்புக்காகச் செய்த பயிற்சித்தாள் அவருடையது என்று அவர் நினைப்பார், அதில் நியாயமும் இருக்கிறது, சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. பள்ளிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை மூலம் குறிப்பிட்டுக் கற்பித்தலுக்குப் பயன்படுத்த அதே சட்டம் இடம் தருகிறது, ஆனால் அந்தச் சலுகையை உலகமே பார்க்கும் ஒரு பொதுத் தளத்துக்கு நீட்டிப் பார்க்க நாங்கள் விரும்பவில்லை. வகுப்புக்கான தாள்களையும் பிறர் கதை, படங்களை ஒட்டிய கோப்புகளையும் தளத்திலிருந்து இறக்கி அந்தந்த ஆசிரியரிடமே கொடுத்தோம். எப்படிக் கற்பித்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று அவர்கள் தங்கள் சொல்லில் எழுதிய பகுதி இருக்கிறது. வாசிக்க வருகிறவர்கள் தேடுவதும் பெரும்பாலும் அதைத்தான்.

உலாவியில் அசைபடமும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷ் பற்றிச் சுருக்கமாக: 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோபி அதை நிறுத்திவிட்டது. சொல் விளையாட்டுகள் பல அதில் செய்யப்பட்டவை. மூலக்கோப்பு இருந்த சிலவற்றை எச்5பி என்ற ஊடாடு பயிற்சிக் கருவியில் திரும்பச் செய்தோம், மற்றவை போய்விட்டன.

இப்போது எப்படி நடக்கிறது

புதிய வலைப்பூ திறக்கும்போது ஒரு பக்கப் படிவம். சொந்த மின்னஞ்சல், அலுவலக முகவரி ஏற்கப்படாது. அவர் கிடைக்காவிட்டால் யாரிடம் கேட்பது என்று இன்னொருவர் பெயர். அப்புறம், தான் எழுதுவதை நிறுத்தினால் பக்கம் என்ன ஆகவேண்டும் என்று அவரே எழுதிக் கொடுக்கவேண்டும்: வாசிக்க மட்டும் திறந்திருக்கலாம், வேறொருவருக்குப் போகலாம், முழுக்க எடுக்கப்படலாம். இந்தக் கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்பது சிலருக்கு அபசகுனம் மாதிரி இருக்கிறது. தொடர்ந்து கேட்கிறோம்.

ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பரில் விடுமுறை தொடங்கியதும், எல்லாருக்கும் ஒரு மடல் போகும். பதில் வராவிட்டால் இரண்டாவது பெயருக்கு. அங்கிருந்தும் இல்லையென்றால் வலைப்பூ வாசிக்க மட்டும் என்று ஆகும், நிர்வாக உரிமை எடுக்கப்படும். தூங்கும் கணக்குகள்தான் வெளியாட்கள் நுழையும் வாசல். பழைய எளிய கடவுச்சொல், யாரும் பார்க்காத பக்கம், ஒருநாள் அதில் சூதாட்ட விளம்பரம் முளைத்திருக்கும், தேடுபொறி தளம் முழுவதையும் ஆபத்தானது என்று குறித்துவிடும். அதனால் முழு நிர்வாக உரிமை இப்போது இரண்டு பேரிடம் மட்டும், இருவருக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு. ஆசிரியர்கள் தாங்களாக பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) ஏற்ற முடியாது. வேண்டுமென்றால் கேட்கலாம்; கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, புதிய பிஎச்பியில் ஓடுமா, எடுத்துவிட்டால் உள்ளடக்கம் நிற்குமா என்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறோம். பழைய சர்வரில் சில பிளகின்கள் பிஎச்பி 8-ல் நீக்கப்பட்ட கட்டளைகளை நம்பி இருந்தன, எழுதியவர்கள் அவற்றைக் கைவிட்டு வெகுநாள் ஆகியிருந்தது, அந்த அனுபவத்தில் வந்த விதி இது. பள்ளித் தவணை நடக்கும்போது பெரிய அப்டேட் எதுவும் கிடையாது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் உடனுக்குடன்.

பேக்கப் தினமும் எடுக்கப்படுகிறது, தரவுத்தளமும் கோப்புகளும் சேர்த்து, ஒரு நகல் வேறு நிறுவனத்தின் சர்வரில். எடுப்பதோடு நிறுத்துவதில்லை, தவணைக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு வலைப்பூவை வெற்றுச் சர்வரில் எழுப்பித் தமிழ் தமிழாக வருகிறதா என்று வாசித்துப் பார்க்கிறோம். நிர்வாகிகளைத் தவிர ஆசிரியர் ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு, ஏனென்றால் புள்ளி போன ஒரு மெய்யெழுத்தை நாங்கள் கவனிக்காமல் விட்டாலும் அவர் விடமாட்டார்.

ஒவ்வொரு ஆசிரியருக்கும் தன் எழுத்தை முழுதாக இறக்கிக்கொள்ளும் உரிமை உண்டு, எப்படி என்று படத்தோடு ஒரு வழிகாட்டியும் எழுதியிருக்கிறோம். ஆசிரியர்கள் நம்பியிருந்த விக்கிஸ்பேசஸ் 2018-ல் மூடியது, எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடியது. பெரிய நிறுவனங்களுக்கே அந்தக் கதி என்றால் நாலு பேர் நடத்தும் தளம் என்றைக்கும் இருக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. அதை ஆசிரியர்களிடம் வெளிப்படையாகவே சொல்கிறோம்.

இன்னும் தீராதவை இரண்டு. காலமாகிவிட்ட ஆசிரியர்களின் பக்கங்கள் சில இருக்கின்றன. குடும்பத்தாரைக் கேட்டோம், ஒரு வீட்டில் மகள் அப்பாவின் எழுத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு, தளத்திலும் இருக்கட்டும் என்றார். மற்றவர்களிடமிருந்து பதில் வரவில்லை. அந்தப் பக்கங்களை வாசிக்க மட்டும் வைத்திருக்கிறோம், படங்கள் இல்லாமல், யார் கேட்டாலும் எடுத்துத் தரத் தயாராக.

இரண்டாவது, டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர். அது சிங்கப்பூருக்கான எஸ்ஜி முகவரி என்பதால் நிர்வாகத் தொடர்பாளர் அரசாங்கத்தின் மின்னியல் அடையாளமான சிங்பாஸ் வழியாகத் தன்னை உறுதிப்படுத்தவேண்டும், ஆக அந்தப் பொறுப்பு எப்போதும் ஒரு மனிதரின் பெயரில்தான் இருக்கும். இப்போது இருப்பவர் அடுத்த ஆண்டு வெளிநாடு போகிறார். பொறுப்பேற்க ஓர் இளம் ஆசிரியை முன்வந்திருக்கிறார். கடன் அட்டை, ஹோஸ்டிங் கணக்கு, பேக்கப் சாவி மூன்றும் அவரிடம் எழுத்துப்பூர்வமாகப் போன பிறகே டொமைனை மாற்றுவது என்று பேசியிருக்கிறோம், அதுவரை இரண்டு பேருக்கும் புதுப்பிப்பு அறிவிப்பு போய்க்கொண்டிருக்கும்.